கிரையோஸ்டாட் முடிவது நள்ளிரவில், ஹாஸ்டல் கேட் மூடுவது எட்டரைக்கு: சிமுலேஷனுக்கு மாறிவிடலாமா?

மாங்கனைட்_மாணவி:

இயற்பியலில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. மாங்கனைட் (மாங்கனீசு கலந்த ஆக்சைடு) மாதிரிகளின் மின்தடையை 10 கெல்வினிலிருந்து (கிட்டத்தட்ட −263 டிகிரி செல்சியஸ்) 300 கெல்வின் (அறை வெப்பநிலை) வரை அளப்பது என் வேலை. காலை ஒன்பதரைக்குப் போய், சில்வர் பேஸ்ட் வைத்து நான்கு கம்பிகளை ஒட்டி, காயவிட்டு, கிரையோஸ்டாட்டில் (மாதிரியைக் கடுங்குளிரில் வைக்கும் கருவி) பம்ப் போட்டுக் குளிரவைத்தால் 10 கெல்வின் வரும்போது மதியம் இரண்டு மணி. அங்கிருந்து நிமிடத்துக்கு அரை கெல்வின் என்று ஏற்றினால், 300-ஐத் தொடும்போது இரவு பதினொன்று நாற்பது.

எங்கள் பெண்கள் ஹாஸ்டல் கேட் எட்டரைக்கு மூடிவிடும். எட்டேகாலுக்கு லேப்பை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்போது திரையில் 197 கெல்வின் ஓடிக்கொண்டிருக்கும். மின்தடை உச்சிக்குப் போய் இறங்குவது 260-ஐ ஒட்டி. ஒன்றரை வருடமாக அந்த உச்சியை நான் நேரில் பார்த்ததே இல்லை.

மீதியை ஒரு சீனியர் அண்ணன் எடுத்துத் தருவார். நல்லவர்தான். ஆனால் போன மாதம் அனுப்பிய பேப்பரில் அவர் பெயர் முதலில், என் பெயர் மூன்றாவது. கேட்டால், "முக்கியமான டேட்டா அவன் எடுத்ததுதானேம்மா" என்கிறார் கைடு. "உனக்கு எதுக்கும்மா இந்த ராத்திரி அவஸ்தை, சிமுலேஷன் பக்கம் வந்துடேன்" என்றும் அவர்தான் சொல்கிறார். வீட்டிலும் அதே பேச்சு. மாறிவிடலாமா?

கணினிக்காரன்:

தாராளமாக மாறுங்கள். கோடு எழுதத் தெரிந்தால் நாளைக்கு வேலைக்கும் உதவும். இல்லாவிட்டால் முதல் நாள் 190 வரை எடுத்துவிட்டு, மறுநாள் 180-இல் ஆரம்பித்தால் என்ன?

மாங்கனைட்_மாணவி:

அப்படிச் செய்ய முடியாது சார். குளிரும்போது ஒரு வளைவு, சூடேறும்போது வேறு வளைவு என்று வருவதுதான் ஆய்வின் விஷயமே. துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால், பேப்பரை மதிப்பிடும் ரெஃப்ரீ ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்.

பழைய_லேப்காரி:

என் மகள் வயது என்பதால் நீ என்றே எழுதுகிறேன். 1994-இல் எனக்குக் கேட் ஆறரை மணி. உனக்கு எட்டரை. முப்பது வருடத்தில் இரண்டு மணி நேரம் முன்னேறியிருக்கிறோம், சந்தோஷம்.

எங்களுக்குத் திரவ நைட்ரஜன் வண்டி வருவதே மாலை நாலு மணிக்கு. அதைச் சேமிக்கும் டுவார் குடுவையை நிரப்பி முடிப்பதற்குள் வாட்ச்மேன் அண்ணன் மணி அடிப்பார். நானும் உன்னைப் போலவே தள்ளப்பட்டு, இரண்டு வருடம் ஃபோர்ட்ரானில் கோடு எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். கெட்ட வேலை இல்லை. பிடித்துப் போகிறவர்கள் போகட்டும். நான் போனது லேட் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு அலுத்துப்போய். பிறகு வேலை பார்த்த இடத்தில் லேப் பொறுப்பு வந்தபோது ஒரு வால்வைக் கழற்றி மாட்டத் தெரியவில்லை. கற்றுக்கொண்டபோது வயது 36.

இயற்பியலாளர் அன்னா மாணியைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், 1940-இல் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார், 1945-இல் ஆய்வேட்டைக் கொடுத்தும் எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் பிஎச்.டி. மறுத்தது. எல்லாம் உண்மை. எனக்கு மனதில் நிற்பது வேறொன்று. வைரத்தின் ஒளிர்வை ஒரு ஒளிப்படத் தட்டில் பதிக்க அவருக்கு 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூங்கியிருக்கிறார். ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதையே ராமன் விரும்பாத இடம் அது. அங்கேகூட இரவில் கருவியின் பக்கத்தில் இருக்க முடிந்தது. தனிப் பெயரில் அவர் எழுதிய ஐந்து கட்டுரைகள் அப்படி வந்தவைதான்.

உன் உச்சி வருவது இரவு பத்து இருபதுக்கு. அந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பவர் பெயர்தான் பேப்பரில் முன்னால் வரும். உன் கைடு கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், அவர் கணக்கு அப்படி. பக்கத்திலேயே இருந்து கண்டுபிடித்தவருக்கும் பெருமை கைவிட்டுப் போனதுண்டு என்பது தனிக் கதை. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் தினமும் 30 மீட்டர் வரைபடக் காகிதத்தைத் தானே பார்த்துத்தான் பல்சார் என்னும் துடிக்கும் விண்மீனின் சின்னக் கிறுக்கலைப் பிடித்தார். 1974-இல் நோபல் போனது அவருடைய கைடுக்கும் இன்னொருவருக்கும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறைகள், பாலியல் துன்புறுத்தல் தடுப்பு பற்றியவை, எடுத்துப் படி. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் ஹாஸ்டலில் போடக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பத்தியை நகல் எடுத்துக் கடிதத்தோடு இணை. கடிதத்தில் "என்னை மட்டும் அனுமதியுங்கள்" என்று எழுதாதே. இரவில் ஓடும் எல்லா அளவீட்டுக்கும், ஆண் பெண் யாராக இருந்தாலும், லேப்பில் இரண்டு பேர், ஒரு பதிவேடு, செக்யூரிட்டிக்கு ஒரு போன் நம்பர் என்று கேள். உன் நேர அட்டவணையையும் வை. 10:20 என்ற எண்ணைச் சிவப்பில் எழுது.

மகளைப்_பெற்றவன்:

மேடம், படிக்க நன்றாக இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லேப்பிலிருந்து ஹாஸ்டலுக்கு நடக்கும்போது ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? நீங்களா?

பழைய_லேப்காரி:

நியாயமான கேள்வி சார். அந்தப் பாதையில் எத்தனை விளக்கு எரிகிறது என்றும் கடிதத்தில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். இன்னொன்று, ராத்திரி தனியாக லேப்பில் இருப்பது உங்கள் மகனுக்கும் ஆபத்துதான். மூடிய அறையில் திரவ நைட்ரஜன் கொட்டினால் ஆக்சிஜன் குறைந்து ஆள் மயங்கி விழுவார், பையனா பெண்ணா என்று அது பார்க்காது. இரண்டு பேர் வேண்டும் என்று நான் சொன்னது அதற்காகத்தான்.

டீக்கடை_போஸ்ட்டாக்:

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரோட்டரி பம்ப்பைப் பிரித்து மாட்டவும், ஹீலியம் கசிவைத் தேடவும் நான் கற்றுக்கொண்டது எந்த வகுப்பிலும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு மேல், சீனியர்களோடு, கேம்பஸ் வாசல் டீக்கடையில். எங்கள் பேட்ச்சில் இரண்டு பெண்கள். அவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இருவரும் இப்போது கம்ப்யூட்டேஷனில்.

மாங்கனைட்_மாணவி:

கடிதம் எழுதிவிட்டேன். லேப்பிலிருந்து ஹாஸ்டல் வரை ஒன்பது கம்பங்கள், எரிவது நாலு. அதையும் சேர்த்துவிட்டேன். எங்கள் குழுவில் ஜூனியர் ஒருத்தியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு சந்தேகம்: கடிதத்தைக் கைடு வழியாகத் தர வேண்டுமா, நேராக வார்டனுக்கா? அப்புறம், அந்தப் பேப்பரைப் பற்றி இதில் ஏதாவது எழுதலாமா?

பழைய_லேப்காரி:

கைடு வழியாகவே கொடு. இல்லாவிட்டால் அவர் மனம் கோணும், வேலை நின்றுபோகும். நகல் வார்டனுக்கும் துறைத் தலைவருக்கும். தேதி போட்டு, வாங்கியதற்கு முத்திரை வாங்கி வை. பேப்பரைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை வேண்டாம், அதைத் தனியாக எழுது. அந்தச் சீனியர் அண்ணனிடமும் ஒருமுறை பேசிப் பார், நல்லவர் என்றுதானே சொன்னாய்.