ரோவன் சட்டம்: பெற்றோர் கையொப்பம் வாங்கினால் காணுமோ?

ஸ்காபரோ_செயலாளர்

வணக்கம். எங்கட உதைபந்தாட்டக் கழகம் சின்னது. 12 வயதுக்குட்பட்ட அணி ஒண்டு, 15 வயதுக்குட்பட்ட அணி ஒண்டு. பயிற்சி புதனும் சனியும். பதிவு தொடங்க முதல், கன்கஷன் (அடியாலை மூளை குலுங்கிற காயம்) பற்றி ஒன்ராறியோ மாகாணத்தின்ரை ரோவன் சட்டம் கேக்கிற விதிகளை ஒழுங்காக்க வேணும். நிர்வாகக்குழுவிலை இழுபறிப்படுற இடங்கள் இவை:

பெற்றோர் ஒரு படிவத்திலை கையொப்பம் வைச்சால் ரோவன் சட்டத்துக்குக் காணுமோ? அடிபட்ட பிள்ளையை ஆட்டத்திலை இருந்து வெளியிலை எடுக்கிற முடிவு ஆற்றை கையிலை, நடுவரோ பயிற்றுநரோ? பிசியோதெரப்பிஸ்ட் குடுக்கிற கடிதத்தோடை திரும்ப இறக்கலாமோ? சனிக்கிழமை அடிபட்ட பிள்ளை அடுத்த சனி விளையாட ஏலுமோ?

விஷயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

வெள்ளைக்கோடு

காணாது. கையொப்பம் கால்வாசி வேலைதான்.

சட்டம் 2018 மார்ச்சில் நிறைவேறியது. விழிப்புணர்வுக் கையேடும் நடத்தை விதியும் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். பிள்ளையை வெளியே எடுப்பதற்கும் திரும்ப இறக்குவதற்குமான நெறிமுறைகள் 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். 2019இல் அடித்த படிவத்தையே இன்னும் நகலெடுத்துக்கொண்டிருந்தால் பின்பாதி உங்களிடம் இல்லை என்று அர்த்தம்.

கையேட்டில் இருந்து தொடங்குங்கள். 26 வயதுக்குக் குறைந்த வீரர் ஒவ்வொருவரும் பதிவுக்கு முந்திய 12 மாதத்துக்குள் அரசின் கையேட்டைப் படித்ததாக உறுதி தரவேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரும் தரவேண்டும். பயிற்றுநர்களுக்கும் இதே கடமை உண்டு. கையேடு மூன்று வகை: 10 வயதும் அதற்குக் கீழும், 11 முதல் 14 வரை, 15உம் அதற்கு மேலும். உங்கள் 12 வயது அணியில் 10 வயதுப் பிள்ளையும் 11 வயதுப் பிள்ளையும் இருப்பார்கள். ஆகவே அணிக்கு ஒரு கையேடு என்று அனுப்பாமல் பிள்ளையின் வயதைப் பார்த்து அனுப்புங்கள். படிவத்தில் "படித்தேன்" என்று கட்டம் மட்டும் வைத்தால் பிசகும். போன வருடம் ஏப்ரலில் படித்தவர் இந்த வருடம் மே மாதம் பதிவுசெய்தால் 12 மாதம் கடந்துவிட்டது. படித்த திகதியைக் கேளுங்கள்.

ஒரு பிள்ளை இரண்டு மூன்று கழகங்களில் விளையாடினாலும் கையேட்டை ஒருமுறை படித்தால் போதும். நடத்தை விதி அப்படியல்ல, அது ஒவ்வொரு அமைப்பும் தானே எழுதி வைக்க வேண்டியது. தலைக்கு ஆபத்தான, தடைசெய்யப்பட்ட ஆட்டத்துக்கு என்ன தண்டனை என்பதோடு, அறிகுறியை மறைக்கமாட்டேன், வேறு இடத்தில் வெளியே எடுக்கப்பட்டிருந்தால் உங்களுக்கும் சொல்வேன் என்ற உறுதியும் அதில் வேண்டும்.

அந்தக் கடைசி வரியைச் சும்மா சம்பிரதாயம் என்று தள்ளவேண்டாம். ஒட்டாவாவில் பாடசாலை ரக்பி அணித் தலைவியாக இருந்த ரோவன் ஸ்ட்ரிங்கருக்கு அப்போது 17 வயது. சில நாட்களுக்குள் திரும்பத் திரும்ப அடிபட்டு, முதல் அடி ஆறமுன் விழுந்த அடியால் 2013 மே மாதம் இறந்தார். தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. அதைப் பற்றி இணையத்தில் தேடினார், சிநேகிதிகளுக்கும் எழுதினார். பெரியவர்களுக்குத் தெரியவில்லை. 2015இல் நடந்த மரண விசாரணையின் 49 பரிந்துரைகளில் இருந்துதான் இந்தச் சட்டம் வந்தது.

கடைசியாகப் பதிவேடு. சந்தேகத்தில் வெளியே எடுத்த ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதவேண்டும். பிறகு வைத்தியர் "கன்கஷன் இல்லை" என்று சொன்னாலும் அந்தப் பதிவு நிற்கும். அது தனிப்பட்ட தகவல், தேவையான ஆட்களுக்கு மட்டும். அணியின் வாட்ஸப் குழுவில் "இன்னாருக்கு மண்டையில் அடி, ரெண்டு கிழமை வரமாட்டார்" என்று போடுவது சரியில்லை.

---

விசில்

இரண்டாவது கேள்விக்கு மட்டும்.

கடுமையான காயம் என்று பட்டால் ஆட்டத்தை நிறுத்தி வீரரை வெளியே அனுப்ப நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் உங்கள் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆள் இல்லை. நடுவர் ஆட்டத்தைத் தொடரவிட்டார் என்பது பிள்ளை நலம் என்பதற்குச் சான்றிதழ் ஆகாது. சட்டம் கேட்பது உங்கள் கழகம் நியமித்த பொறுப்பாளரை. ஒருவருக்கு மேலும் நியமிக்கலாம். போட்டிக்கு மட்டுமில்லை, பயிற்சிக்கும் ஒருவர் இருக்கவேண்டும், அடிபடுவது பயிற்சியிலும்தான்.

தலைமைப் பயிற்றுநரை அந்தப் பொறுப்பில் வைக்காதீர்கள் என்பது என் எண்ணம். சட்டம் தடுக்கவில்லைதான். ஆனால் 1-1 என்று நிற்கும்போது கடைசிப் பத்து நிமிடத்தில் அவர் கண் வேறு கணக்குப் பார்க்கும். மாற்று வீரர்களைப் பார்த்துக்கொள்ளாத ஒரு பெற்றோரைப் போடுங்கள், பெயரை அணித்தாளிலேயே எழுதுங்கள். அவர் சொல்லுக்கு மேல்முறையீடு இல்லை என்று விதியில் ஒரு வரி இருக்கட்டும்.

"தம்பி, ஓடலாமோ?" என்று கேட்பது பரிசோதனை ஆகாது. பிள்ளை எப்போதும் "ஓம்" என்றுதான் சொல்லும். ஒருநாள் சுற்றுப்போட்டிகளில் பார்க்கும் பிழை வேறு. காலை ஆட்டத்தில் வெளியே எடுத்த பிள்ளையைப் பின்னேரம் அரையிறுதிக்கு இறக்குவார்கள். அன்று முழுக்க ஆட்டம் முடிந்தது என்பதுதான் விதி.

---

இரவுப்பணி_நர்ஸ்

மைதான ஓரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை, சந்தேகப்படுவது மட்டும்தான் உங்கள் வேலை.

முதலில், உடனே 911ஐ (அவசர உதவி எண்) அழைக்க வேண்டிய அறிகுறிகள்: கழுத்து வலி, வலிப்பு, சுயநினைவு இழப்பு, இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வரவர அதிகமாகும் படபடப்பு அல்லது முரண்டு. இதில் ஒன்று இருந்தாலும் அசைக்காமல் கிடந்தபடியே வைத்திருங்கள். தூக்கி உட்கார வைப்பது, தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம்.

இவை இல்லாவிட்டாலும், விழும்போது கையை ஊன்றாமல் பொத்தென்று விழுந்தது, எழும்பத் தாமதம், வெறித்த பார்வை, தள்ளாட்டம், எந்தப் பக்கம் அடிப்பது என்ற குழப்பம், இதில் ஒன்று கண்ணில் பட்டாலே வெளியே. நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கன்கஷன்களில் நினைவு தப்புவதே இல்லை. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றும் இல்லை. உடம்பில் பலமாக மோதி தலை வெட்டி ஆடினாலும் வரும்.

கன்கஷன் சந்தேகத்தை அடையாளம் காணச் சாதாரண ஆட்களுக்கென்றே இருக்கும் சி.ஆர்.டி. 6 (CRT6) என்ற தாளை அச்சிட்டு முதலுதவிப் பெட்டியில் வையுங்கள். கடைசியாக கோல் அடித்தது யார், போன ஆட்டம் யாரோடு போன்ற கேள்விகள் அதில் இருக்கும். பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பதில் தவறினால் வெளியே. எல்லாம் சரியாகச் சொன்னாலும் உள்ளே விடலாம் என்று அர்த்தமில்லை. ஸ்காட் 6 என்ற நீண்ட பரிசோதனையை இணையத்தில் இறக்கி நீங்களே செய்துபார்க்காதீர்கள். அது மருத்துவத் துறையினருக்கானது, ஒழுங்காகச் செய்யவே 10 முதல் 15 நிமிடம் ஆகும்.

வெளியே வந்த பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அறிகுறி சில மணி நேரம் கழித்து, சிலசமயம் மறுநாள்கூட வரும். பெற்றோருக்குத் தகவல் சொல்லி, டாக்டர் அல்லது நர்ஸ் பிராக்டிஷனரிடம் (டாக்டர் போலப் பரிசோதித்து மருந்தெழுத அனுமதி உள்ள நர்ஸ்) காட்டச் சொல்லி, உங்கள் நெறிமுறைத் தாளின் நகலைக் கையில் கொடுத்துவிடுங்கள். இந்த மூன்றும் சட்டம் சொல்லும் கடமைகள். கொடுத்த நேரத்தையும் பதிவேட்டில் குறியுங்கள்.

---

வெள்ளைக்கோடு

பிசியோ கடிதம் பற்றிச் சொல்ல மறந்துபோனேன். செல்லாது. பிசியோதெரப்பிஸ்ட்டும் கைரோபிராக்டரும் தேறிவர உதவலாம். முழு ஆட்டத்துக்கு அனுமதி தருவது வைத்தியர் அல்லது நர்ஸ் பிராக்டிஷனர் மட்டும்.

கடிதம் இரண்டு வகை. "பரிசோதித்தேன், கன்கஷன் இல்லை, விளையாடலாம்" என்பது ஒன்று. அதோடு பிள்ளை நேரே திரும்பலாம். "கன்கஷன் இருந்தது, ஆட்டத்துக்குத் திரும்பும் படிகளைக் கடந்து தேறிவிட்டார், முழு ஆட்டத்துக்கு அனுமதிக்கிறேன்" என்பது மற்றது. கிளினிக்கில் இருந்து "நடமாட்டத்துக்குத் தடையில்லை" என்று ஒற்றை வரி வந்தால் எந்த வகை என்று தெரியாது. கழகமே இரண்டு கட்டமும் உள்ள படிவம் ஒன்றை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் இந்தத் தலையிடி இல்லை.

---

படிக்கட்டு

சனிக்கிழமைக் கணக்குக்கு வருவம்.

2022இல் அம்ஸ்டர்டாமில் கூடிய கன்கஷன் நிபுணர்கள் 2023இல் வெளியிட்ட, ஆட்டத்துக்குத் திரும்புற ஒழுங்கில் ஆறு படிகள். ஒவ்வொண்டுக்கும் ஆகக் குறைஞ்சது 24 மணித்தியாலம். முதலாவது படி 24 முதல் 48 மணித்தியாலம்: வீட்டு வேலை, மெதுவான நடை, கைபேசியும் திரையும் குறைவு. முந்தின காலத்திலை சொன்ன மாதிரி இருட்டறையிலை படுக்கவைக்கிறதில்லை. இரண்டாவது படியிலை முதல் மெதுவான சைக்கிள், இதயத்துடிப்பு உச்சத்தின் 55 வீதம் வரை, பிறகு 70 வீதம் வரை. 12 வயதுப் பிள்ளைக்கு 220இலை வயதைக் கழிச்சால் உச்சம் நிமிடத்துக்கு 208. ஆக முதலிலை 114க்குள்ளை, அடுத்து 146க்குள்ளை. மூன்றாவது, தனியா ஓட்டமும் பந்து உருட்டலும், தலைக்கு ஆபத்து இல்லாத இடத்திலை. நாலாவது, அணியோடை மோதலில்லாப் பயிற்சி. ஐந்தாவது முழுப் பயிற்சி. ஆறாவதுதான் ஆட்டம்.

முதல் மூன்று படியிலை அறிகுறி கொஞ்சம் கூடினால் பயப்படத் தேவையில்லை. பத்துப் புள்ளி அளவிலை இரண்டு புள்ளிக்கு மேலை கூடாமல், ஒரு மணித்தியாலத்துக்குள்ளை அடங்கவேணும். அதுக்கு மேலை போனால் அண்டைக்கு நிப்பாட்டி, அடுத்த நாள் திரும்ப முயற்சிக்கலாம். நாலாவது படிக்குப் போக அறிகுறி ஒண்டும் இருக்கக்கூடாது. சட்டம் முழுப் பயிற்சிக்கு முதல் வைத்தியர் அனுமதி கேக்குது, அம்ஸ்டர்டாம் ஒழுங்கு நாலாவதுக்கு முதலே கேக்குது. கடுமையானதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

இனிக் கணக்கு. சனி அடி. ஞாயிறு, திங்கள் முதலாவது படி. செவ்வாயும் புதனும் இரண்டாவது, வியாழன் மூன்றாவது, வெள்ளி நாலாவது, சனி ஐந்தாவது. ஒரு தடங்கலும் இல்லாட்டியும் அடுத்த சனி முழுப் பயிற்சிதான், ஆட்டம் இல்லை. அதோடை உங்களுக்குப் பயிற்சி புதனும் சனியும் மட்டும். நாலாவதும் ஐந்தாவதும் அணியோடை செய்யவேண்டியவை, வீட்டு முற்றத்திலை செய்ய ஏலாது. அந்தக் கணக்கிலை நாலாவது படி அடுத்த சனி, ஐந்தாவது அதுக்கடுத்த புதன். பிறகுதான் போட்டி. சில பயிற்றுநர்மார் போட்டியையே ஐந்தாவது படியாக் கணக்கு வைப்பினம், அது பிழை.

இது ஆகக் குறைஞ்ச கணக்கு. பிள்ளையளுக்கு நாலு கிழமை வரை எடுக்கிறது சாதாரணம். அதையும் தாண்டினால் விசேட வைத்தியரிட்டை அனுப்பச் சொல்லுங்கோ. பாடசாலைக்கு முழுநேரமாத் திரும்பாத பிள்ளைக்கு முழு ஆட்டமும் இல்லை.

---

இரவுப்பணி_நர்ஸ்

ஒன்று சேர்க்கணும். பயிற்சி முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போவது பல நேரம் அம்மம்மாவோ தாத்தாவோதான். ஆங்கிலத் தாளை அவர்கள் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். தமிழில் பெரிய எழுத்தில் அரைப்பக்கம் அடித்து வையுங்கள். எந்த அறிகுறிக்கு 911 என்பது முதல் வரியில். அடுத்து, தூங்கவே விடக்கூடாது என்ற பழைய பேச்சு தேவையில்லை, ஆபத்து அறிகுறி இல்லாமல், முதல் சில மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு தூங்கலாம் என்று. வலிக்கு பரசிட்டமோல் போதும், ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ டாக்டர் சொல்லாமல் வேண்டாம், உள்ளே கசிவு இருந்தால் அது கூடும். நெற்றியில் தைலம் பூசினால் கெடுதல் இல்லை, அதுவே வைத்தியம் என்று நினைக்காமல் இருந்தால் சரி.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு "தலையிடி, சத்தி" என்று எழுதுங்கள். நான் எழுதும் "தலைவலி, வாந்தி" புரியும்தான், ஆனால் பயந்த நேரத்தில் வீட்டுச் சொல்தான் சட்டென்று பிடிபடும்.

---

ஸ்காபரோ_செயலாளர்

எல்லாருக்கும் நன்றி. பொறுப்பாளர் யோசனையை அப்பிடியே எடுக்கிறம். ஒரு கேள்வி மிச்சம்: மெத்தை வைச்ச தலைப்பட்டி 30 வாங்கலாம் எண்டு ஒராள் காசு தாறார். பிரயோசனமோ?

---

விசில்

வெட்டுக் காயத்துக்கும் வீக்கத்துக்கும் உதவும். கன்கஷனைத் தடுக்கும் என்று நம்பிக் கட்டவேண்டாம், அதற்கு வலுவான சான்று இல்லை. மண்டையோடு சட்டென்று நிற்கும்போது உள்ளே மூளை ஆடுவதை வெளியில் உள்ள மெத்தை நிறுத்தாது. பட்டி போட்ட பிள்ளை இன்னும் துணிச்சலாகத் தலையைக் கொடுக்குமோ என்பதுதான் என் பயம்.

அந்தக் காசில் நகர்த்தும் கோல்கம்பங்களுக்கு மண்மூட்டையோ நங்கூரமோ வாங்குங்கள், கம்பத்துக்கு மெத்தை உறை சுற்றுங்கள். பந்தின் காற்றை அளக்கும் அழுத்தமானியும் ஒன்று வாங்குங்கள். உதைபந்தாட்ட விதிப்படி பந்தின் அழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம், சிறுவருக்குக் கீழ் எல்லையோடு நிறுத்துங்கள். 12 வயது அணிக்கு 4ஆம் இலக்கப் பந்துதான், பெரிய அணியின் 5ஆம் இலக்கத்தைப் பயிற்சிக்குக்கூடக் கொடுக்கவேண்டாம். தலையால் அடிக்கும் பயிற்சியை 12 வயது அணிக்கு அடியோடு விடுங்கள். அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 10 வயது வரை அதைத் தடுத்தே வைத்திருக்கிறது.