‘ஜெர்சி’: துணியா, சட்டையா, மாடா?

பல்லடத்துக்காரன் (கேள்வி):
திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஆர்டர் தாள்களில் ‘சிங்கிள் ஜெர்சி’ என்ற துணிப்பெயரைப் பார்க்காத நாளே இல்லை. என் மகளோ கபடிக் குழுவில் கொடுத்த, முதுகில் எண் அச்சிட்ட பாலியெஸ்டர் சட்டையை ஜெர்சி என்கிறாள்; கட்டுத்தறியில் நிற்கும் மாட்டையும் என் தாயார் ஜெர்சி என்றுதான் சொல்கிறார். மூன்றுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? துணியின் பெயர் சட்டைக்குப் போனதா, சட்டையின் பெயர் துணிக்கு வந்ததா?

அவினாசி வாசகர்:
மூன்றும் ஓர் ஊர்ப்பெயரில் பிறந்தவை. பிரான்சின் நார்மண்டிக் கரையை ஒட்டி, ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் தீவுதான் ஜெர்சி. 16ஆம் நூற்றாண்டில் அங்கே கையால் பின்னிய கம்பளிக் காலுறைகள் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஏற்றுமதியாயின. வயலை விட்டுவிட்டு ஊரே பின்னல் ஊசியைப் பிடித்துக்கொண்டதால், அறுவடைக் காலத்தில் பின்னக் கூடாது என்று 1608இல் தடையே விதித்தார்கள். மஞ்சள் வெட்ட ஆள் கிடைக்காமல், விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேனை வரப்பில் நின்று பார்க்கும் நம் ஊர்ப் பண்ணையக்காரருக்கு இந்தச் சட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.
உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இது: முதலில் நூலுக்கும் பின்னல் துணிக்கும்தான் இப்பெயர் வழங்கியது, மீனவர்களும் மாலுமிகளும் அணிந்த, உடலோடு ஒட்டிய பின்னல் மேலாடைக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது, விளையாட்டு வீரர்களின் சட்டைக்கு அங்கிருந்துதான் போயிற்று.

நிட்டிங் மாஸ்டர்:
பெயரில் இருந்த கம்பளி கழன்று, பின்னல் மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் பருத்தியில் ஓட்டினாலும் நாங்கள் ஜெர்சி என்கிறோம். ஒரே வரிசை ஊசியில் பின்னுவதால் முன்பக்கம் சடை பின்னியதுபோலவும், பின்பக்கம் அரைவட்டங்கள் அடுக்கியதுபோலவும் தெரியும். ஒரு துண்டு வெட்டி மேசைமேல் வையுங்கள்: பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். கட்டிங் மாஸ்டர் இந்தத் துணியைத் திட்டுவதற்கு அந்தச் சுருளே காரணம். இரண்டு வரிசை ஊசியில் பின்னும் ரிப், இன்டர்லாக் துணிகளில் அந்தத் தொல்லை இல்லை; இன்டர்லாக்கில் இரண்டு பக்கமும் சடையாகவே தெரியும்.

கட்டுத்தறி:
மாடும் அதே தீவிலிருந்து வந்ததுதான். துணியிலிருந்து பெயர் பெற்றதன்று. இனம் கலந்துவிடக் கூடாதென்று 1789இல் வெளிமாடுகளைத் தீவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். உருவம் சிறியது, பாலில் கொழுப்பு ஏறக்குறைய 5 சதவீதம்; அதற்காகவே நம் பக்கத்தில் கலப்பினத்துக்கு அதைத் தேர்ந்தார்கள். நம் கட்டுத்தறிகளில் நிற்பவை பெரும்பாலும் அந்தக் கலப்பினமே என்பதால், அம்மா சொல்லும் ஜெர்சியில் பாதிதான் ஜெர்சியாக இருக்கும்.

பல்லடத்துக்காரன்:
மூவருக்கும் நன்றி. மகளின் கபடிச் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளும் புறமும் சடையாகவே இருக்கிறது, அரைவட்டத்தைக் காணோம். அப்படியானால் அது இன்டர்லாக்தானே, மாஸ்டர்? ஜெர்சி என்ற பெயரில் விற்ற சட்டை ஜெர்சியே இல்லையா?

நிட்டிங் மாஸ்டர்:
இன்டர்லாக்தான். ஆனால் இரண்டு வரிசை ஊசியில் ஓடும் அதை ‘டபுள் ஜெர்சி’ வகையில் சேர்ப்பதும் உண்டு. ஆகவே மகளைத் திருத்த வேண்டாம்.