பி450 போர்டில் புது கிராபிக்ஸ் கார்டு போட்டால் வீணா? பாண்டிக்குப் பதில்

குரோம்பேட்டை_கேபினெட்:
நேற்று இரவுக்கழுகு தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு (மதர்போர்டு), 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு. கையில் 50,000 ரூபாய் இருக்கிறது, எதை மாற்றலாம் என்று. அதற்குப் பிக்சல்_பாண்டி போட்ட பதிலை அப்படியே தருகிறேன்: "போர்டு வாங்கி ஐந்து வருடம் தாண்டினால் அதில் புது கார்டு போடுவது வீண். முதலில் போர்டைத் தூக்கு, ஏஎம்5 போ. பி450-ல் இப்போதைய கார்டுகளுக்கு 8 லேன்தான், பாதி வேகம் போய்விடும்."

புதியவர்களுக்காக: ஏஎம்5 என்பது ஏஎம்டி-யின் புது பிராசசர் சாக்கெட், தம்பியின் போர்டு பழைய ஏஎம்4. லேன் என்பது கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் இடையே தரவு ஓடும் பாதை. படித்ததும் எரிச்சலாகிவிட்டது. 14 வருடமாகக் கேபினெட் திறந்து மூடுகிறவன் நான். போர்டு என்ன பால் பாக்கெட்டா, தேதி பார்த்துத் தூக்கிப் போட? நமக்கு வேண்டிய பிராசசர் அந்த சாக்கெட்டில் உட்காராது, கெபாசிட்டர் உப்பிவிட்டது, ராம் ஸ்லாட் செத்துவிட்டது. இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் மாற்று. தம்பியின் போர்டில் இதில் எதுவுமே இல்லை. பி450 வந்தது 2018-ல். அதே போர்டில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐ உட்கார வைக்கலாம். 2600-ல் 16 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), அதுவும் இரண்டு துண்டாக. 5600-ல் 32 எம்பி, ஒரே துண்டு. இரண்டுமே 65 வாட்தான். அதே கூலர், அதே ராம். மிச்சப் பணம் முழுவதும் கார்டுக்குப் போகும்.

ஏஎம்5 போனால் போர்டு, பிராசசர், டிடிஆர்5 ராம் என்று மூன்றையும் வாங்க வேண்டும். அங்கே டிடிஆர்4 செருகவே முடியாது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை போகிற போக்கில் தம்பியின் 50,000 அதிலேயே கரைந்துவிடும். கடைசியில் புது வீட்டில் பழைய ஆர்எக்ஸ் 580-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பிக்சல்_பாண்டி:
இவ்வளவு எழுதியும் 8 லேனுக்குப் பதில் சொல்லவில்லையே அண்ணே. ஆர்டிஎக்ஸ் 5060, 5060 டிஐ இரண்டுக்கும் 8 லேன்தான். பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் தரம்) 5.0-ல் 8 லேன் என்றால் நொடிக்குச் சுமார் 32 ஜிபி. பி450-ல் இருப்பது பிசிஐஇ 3.0, அதில் 8 லேன் என்றால் சுமார் 8 ஜிபி. நாலில் ஒரு பங்கு. நான் பாதி என்று குறைத்துத்தான் சொன்னேன். 2022-ல் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வந்தபோது பழைய போர்டில் போட்டவர்கள் கதறியது நினைவில்லையா?

குரோம்பேட்டை_கேபினெட்:
நினைவிருக்கிறது. அதற்கு 4 லேன், 4 ஜிபி நினைவகம். நாம் பேசுவது அதைப் பற்றியா?

குழாய் சிறியது என்பதற்காக எப்போதும் தண்ணீர் குறையாது. தொட்டி நிரம்பி வழிந்து, வெளியிலிருந்து அள்ளி அள்ளி ஊற்ற வேண்டிய நிலை வந்தால்தான் குழாயின் அளவு தெரியும். கார்டின் சொந்த நினைவகத்தில் கேம் அடங்கிவிட்டால் அந்த ஸ்லாட் வழியாகப் போகிறது கொஞ்சம்தான். 6500 எக்ஸ்டி-யில் 4 ஜிபி தொட்டி. உடனே நிரம்பும், அப்புறம் சிஸ்டம் ராமுக்கு ஓடும், அந்த வழி 4 லேன். அதனால்தான் கதறினார்கள். 16 ஜிபி 5060 டிஐ-யில் அந்தத் தொட்டி எங்கே நிரம்புகிறது?

இன்னொன்று. பிசிஐஇ 3.0-ல் 8 லேனுக்குக் கிடைக்கிற அந்த 8 ஜிபி வேகமும், 4.0 போர்டில் 6500 எக்ஸ்டி-க்குக் கிடைத்த வேகமும் ஒன்றுதான். வேண்டுமானால் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

பிக்சல்_பாண்டி:
16 ஜிபி என்று உங்கள் முதல் பதிவில் எங்கே இருக்கிறது? "மிச்சப் பணம் முழுவதும் கார்டுக்கு" என்றுதான் இருக்கிறது. தம்பி போய் 8 ஜிபி வாங்கி வந்தால்? 8 ஜிபி, 8 லேன், 3.0 ஸ்லாட். நான் சொன்னது அங்கே நடக்குமா நடக்காதா? ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கோவை_ரெண்டர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "வேகம் போகும்", "வீண்" என்கிறீர்களே, எந்த வேலையில்? நான் ப்ளெண்டர் மென்பொருள் வைத்து 3டி வேலை செய்கிறேன். காட்சி ஒருமுறை கார்டுக்குள் ஏறிவிட்டால் அப்புறம் ஸ்லாட்டைத் தொடுவதே குறைவு. எனக்கு வேண்டியது நினைவகம். கேம் ஆடுகிறவருக்கு, அதுவும் ரெசல்யூஷன் 1080பி-யா 1440பி-யா என்பதைப் பொறுத்து, கணக்கே வேறு. முதலில் பாட்டில்நெக் (வேகத்தைப் பிடித்து நிறுத்தும் இடம்) என்று எதைச் சொல்கிறோம் என்று ஒத்துக்கொண்டு பேசலாமே?

குரோம்பேட்டை_கேபினெட்:
பாண்டி, நிரம்பினால் நடக்கும், நிரம்பாவிட்டால் நடக்காது. இதை ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வது? 16 ஜிபி வாங்கு என்பது கடைக்குப் போகிற எவருக்கும் தெரியும், அதனால் எழுதவில்லை. அதையும் மீறி லேன் பயம் இருந்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வாங்கட்டும். அதற்கு 16 லேன். பி450-லும் 16 லேனாகவே ஓடும். இதற்கு உங்கள் பதில்?

கணித்தமிழ்_அன்பன்:
நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்டு, ஸ்லாட், கேபினெட், லேன் என்று பத்தி முழுக்க ஆங்கிலமாகவே இருக்கிறது. தாய்ப்பலகை, வரைகலை அட்டை, செருகுவாய், தடம் என்று அழகான சொற்கள் இருக்கும்போது ஏன் இந்த நிலை? நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

குரோம்பேட்டை_கேபினெட்:
அன்பன் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் சென்னை ரிச்சி தெருவில் போய் "ஒரு தாய்ப்பலகை கொடுங்கள்" என்றால் கடைப்பையன் முழிப்பான். எனக்குப் பொருள் கைக்கு வர வேண்டும்.

கணித்தமிழ்_அன்பன்:
அந்தப் பையன் முழிப்பதற்குக் காரணமே உங்களைப் போன்ற விவரம் தெரிந்தவர்கள் எழுதாததுதான். 14 வருடம் அனுபவம் என்கிறீர்கள். அந்த 14 வருடத்தில் ஒரு சொல்லையாவது அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கலாம். மனம் வலிக்கிறது.

மலிவுவேட்டை:
எனக்கு ஒரு சந்தேகம். என் போர்டும் பி450தான். போன வாரம் செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 6600 வாங்கிப் போட்டேன். கார்டு விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் "8 லேன், 1.1" என்று காட்டுகிறது. 3.0 கூட இல்லை, 1.1! போர்டு போய்விட்டதா? பாண்டி சொல்வது சரிதான் போலிருக்கிறது.

பிக்சல்_பாண்டி:
பார்த்தீர்களா? இதைத்தான் சொன்னேன். பழைய போர்டு, பழைய ஸ்லாட். நேரில் பார்த்த சாட்சி வந்துவிட்டது. இப்போது அண்ணன் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

குரோம்பேட்டை_கேபினெட்:
மலிவுவேட்டை, பயப்பட வேண்டாம். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்த இணைப்பு தானாக 1.1-க்கு இறங்கும். அந்த வரிக்குப் பக்கத்திலேயே கேள்விக்குறி போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்துங்கள், கார்டுக்கு வேலை கொடுக்க ஒரு சோதனை வரும், ஓடவிடுங்கள். ஜன்னலை மூடாமல் அந்த வரியையே பாருங்கள். இரண்டு நொடியில் 3.0-க்கு ஏறும். 8 லேன் என்பது அந்தக் கார்டின் அமைப்பு, 6600 எந்தப் போர்டில் போட்டாலும் 8தான்.

பாண்டி, இதுகூடத் தெரியாமல் "சாட்சி வந்துவிட்டது" என்று குதிக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் போர்டு மாற்றச் சொல்கிறவர் நீங்கள்!

மலிவுவேட்டை:
ஏறியது அண்ணே. 8 லேன், 3.0. நன்றி.

பிக்சல்_பாண்டி:
சரி, 3.0தானே? 4.0 இல்லையே? அந்தக் கார்டு 4.0-க்காகச் செய்தது. பாதிதான் கிடைக்கிறது. என் வார்த்தை அப்படியே நிற்கிறது.

பொத்தான் தெரியாததால் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல வேண்டாம். நான் சொந்தப் பணத்தில் ஏஎம்5 போட்டு ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பழைய 2600-ல் ஓடிய அதே கார்டு, புதுப் போர்டில் போட்டதும் பறந்தது. கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? போன வருடம் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) விஷயத்திலும் இப்படித்தான் என்னை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

குரோம்பேட்டை_கேபினெட்:
பறந்தது போர்டாலா, பிராசசராலா? 2600-ஐக் கழற்றி அந்த இடத்தில் எதைப் போட்டாலும் பறக்கும்! அதற்குத்தான் 5600 என்று முதல் பதிவிலேயே எழுதினேன். போர்டோடு சேர்த்துப் பிராசசரையும் ராமையும் மாற்றிவிட்டு, பெருமையை மட்டும் லேனுக்குக் கொடுக்கிறீர்கள்.

யாராவது உண்மையாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் ஒரு காரியம் செய்யுங்கள். வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 97, 98-ல் நின்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது, கார்டை மாற்று. 60-ல் தள்ளாடிக்கொண்டு படம் வெட்டி வெட்டி ஓடினால் பிராசசர் பிடித்து இழுக்கிறது. அப்போது கேமின் கிராபிக்ஸ் செட்டிங்கைக் குறைத்துப் பாருங்கள், ஃபிரேம் ஏறவே ஏறாது. இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமல் 50,000 செலவழிக்கச் சொல்வது பாவம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. இப்போதும் சொல்வேன்.

இரவுக்கழுகு:
அண்ணா, கேள்வி கேட்டவன் நான்தான். பார்த்தேன். நான் ஆடும் கேமில் கார்டு 99-லேயே நிற்கிறது. அப்படியென்றால் இப்போதைக்குக் கார்டு மட்டும் போதுமா? என் எஸ்எம்பிஎஸ் 550 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். விண்டோஸ் 10 நின்றுவிட்டதே, அதற்காகப் போர்டு மாற்ற வேண்டுமா?

குரோம்பேட்டை_கேபினெட்:
தம்பி, ஆர்எக்ஸ் 580 185 வாட் கார்டு. 5060 டிஐ 180. 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160. 580-ஐத் தாங்கிய கேபிள் இவற்றையும் தாங்கும். ஆனால் அந்த எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி, எத்தனை வருடம் ஆனது என்று எழுதுங்கள், அதைப் பார்க்காமல் நான் சரி என்று சொல்லமாட்டேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது உண்மை. ஆனால் 2600 விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது. பயாஸில் எஃப்டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) என்பதை மட்டும் இயக்குங்கள். ரைசன் 5 1600-ஆக இருந்திருந்தால்தான் பிரச்சினை.

பிறகு 5600 வாங்கும்போது இரண்டு விஷயம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட், அதுவும் யுபிஎஸ்-ல் போட்டுவிட்டு. நடுவில் கரண்ட் போனால் அழக்கூட முடியாது. அப்புறம் கூலரைச் சடாரென்று மேலே இழுக்காதீர்கள். இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், ஏஎம்4-ல் பின்கள் எல்லாம் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பத்து நிமிடம் சிஸ்டத்தை ஓடவிட்டுச் சூடானதும் அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். போன மாதம் ஒருவர் 11 பின் வளைந்த பிராசசரைக் கொண்டு வந்தார். மெக்கானிக்கல் பென்சிலின் முனையில் ஒவ்வொன்றாக விட்டு நிமிர்த்தினேன். முதுகு இரண்டு நாள் நேராகவில்லை.

பிக்சல்_பாண்டி:
இவ்வளவு ஆபத்தா? பின் வளையும், கரண்ட் போகும், பயாஸ் சாகும். ஏஎம்5-ல் பிராசசரில் பின்னே இல்லை. எல்லாம் சாக்கெட்டில். நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

குரோம்பேட்டை_கேபினெட்:
சாக்கெட்டில் பின் இருந்தால் வளையாதா? அங்கே வளைந்தால் போர்டே போச்சு. யார் கட்சிக்கு யார் வந்தார்கள்?

மலிவுவேட்டை:
அடிக்கடி போர்டு மாற்றச் சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2017 ஜனவரியில் இன்டெல் ஐ7 7700கே வந்தது, அதே வருடம் அக்டோபரில் 8700கே. இரண்டுக்கும் 1151 பின்தான். ஆனாலும் புதியதற்குப் புதுப் போர்டு. ஏஎம்டி-யும் சும்மா இல்லை. 2020 மே மாதம் பி450-க்கு ரைசன் 5000 வரிசை கிடையாது என்று அறிவித்து, கூச்சல் எழுந்த பிறகுதான் மாற்றிக்கொண்டது. போர்டை எப்போது மாற்ற வேண்டும் என்பதை விற்கிறவனிடம் விட்டால் இப்படித்தான்.

பிக்சல்_பாண்டி:
விற்கிறவனா? நான் விற்கிறவனா? என்னைச் சொல்கிறீர்களா, நேராகவே சொல்லுங்கள்.

மலிவுவேட்டை:
கம்பெனியைச் சொன்னேன் பாண்டி. எல்லாவற்றையும் ஏன் உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்?

கோவை_ரெண்டர்:
நான் கேட்ட கேள்வி இன்னும் மேலேதான் கிடக்கிறது.

கணித்தமிழ்_அன்பன்:
நான் கேட்டதும்தான் அம்மா.

பிக்சல்_பாண்டி:
எல்லாரும் சேர்ந்துகொண்டு பேசினாலும் சரி, 8 ஜிபி கார்டு, 8 லேன், 3.0 ஸ்லாட், வேகம் போகும். இதை அண்ணன் வாயால் ஒத்துக்கொள்ளும் வரை விடமாட்டேன்.

குரோம்பேட்டை_கேபினெட்:
"நிரம்பினால்" என்று நாலு தடவை எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் யார் மறைத்தது? எந்த கேம், என்ன ரெசல்யூஷன், டெக்ஸ்சர் எந்த அளவில்? மூன்றையும் எழுதுங்கள், இன்று ராத்திரியே என் கடையில் இருக்கும் பி450-ல் போட்டு அளந்து படம் போடுகிறேன்.

பிக்சல்_பாண்டி:
அளந்து பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? 6500 எக்ஸ்டி கதையை மறந்துவிட்டீர்களா?

குரோம்பேட்டை_கேபினெட்:
அதற்கு 4 லேன்!!