மிட்டாய் விளம்பரச் சுவர்: பாரியா, நியூட்ரினா?

வணக்கம் நண்பர்களே. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தாவின் பழைய மளிகைக்கடையைத் தை மாசம் இடிக்கப் போகிறோம். போன வாரம் பெய்த மழையில் பக்கவாட்டுச் சுவரிலிருந்த சிமெண்ட் விளம்பரம் உரிந்து, அடியில் இன்னொரு விளம்பரம் எட்டிப் பார்க்கிறது. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. "ரி" தெளிவாக இருக்கிறது. அடுத்து ஓர் எழுத்தளவுக்குக் காரை பெயர்ந்திருக்கிறது, அப்புறம் "மிட்டாய்".

பாரி என்பது என் கட்சி. அவர்களுடைய மிட்டாய் ஆலை இருந்த நெல்லிக்குப்பம் பக்கத்தில்தானே (2004-ல் கொரியாவின் லோட்டே வாங்கியதே, அதே கம்பெனி). சித்தப்பாவோ, "நியூட்ரின்டா, சித்தூர் சரக்கு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அந்தப் பெயர்ந்த இடத்தில் ஒரு "ன்" இருந்திருந்தால் அவர் சொல்வதுதான் சரி!

கீழே "விலை" என்ற சொல்லில் "லை" யானைத் தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் பெயிண்டர்கள் அதற்குப் பிறகும் கைப்பழக்கத்தில் அப்படியே எழுதினார்கள், அதனால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த இரண்டு கம்பெனிகளின் பழைய சுவர் விளம்பரப் படம் யாரிடமாவது இருக்கிறதா? காய்ந்ததும் எழுத்து மங்கிவிடுகிறது, ஈரத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது. தண்ணீர் தெளித்துப் படம் எடுத்தால் மிச்சமிருக்கும் பெயிண்ட்டும் உதிர்ந்துவிடுமா? அந்தக் காலத்தில் சுவர் எழுதிய பெரியவர்கள் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள், நேரிலேயே போய்ப் பார்க்கிறேன்.