சுப்ரமணியபுரம்: துளசிக்கு மட்டும் ஏன் இத்தனை திட்டு?

வைகைக்கரை:
சுப்ரமணியபுரம் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ‘பொண்ண நம்பாத மச்சி’ன்னு ஒருத்தர் வந்து நிப்பார். படம் வந்தது 2008ல. இன்னிக்கும் துளசிதான் துரோகி. சரி, காதலிச்ச அழகரை வரவழைச்சு வெட்டறவங்க கையில கொடுத்தது துளசி. அழகரோட நண்பன் பரமனைக் காட்டிக் கொடுத்தது யாரு? காசி. கூடவே குடிச்சு, கூடவே சுத்தினவன். துளசியைச் சித்தப்பன் கனகு நெருக்கித்தான் செய்ய வைக்கிறான், அவ அழுதுக்கிட்டே நிக்கிறா. காசி பணத்துக்குச் செய்யறான். ஆனா ‘நண்பனை நம்பாத மச்சி’ன்னு இதுவரைக்கும் ஒரு மீம் கூடப் பார்க்கல.

மேலமாசி:
காசியை யாருண்ணே விட்டா? ஜெயில் வாசல்ல அவனைக் குத்தறதுலதான் படமே ஆரம்பிக்குது. கடைசியில ஆஸ்பத்திரியில பழைய கூட்டாளியே வந்து மூச்சை நிறுத்தறான். 1980ல வச்ச கணக்கை 2008ல தீர்க்கறாங்க. துளசி அப்புறம் என்ன ஆனான்னு படம் சொல்லவே இல்ல. அந்தக் கோபம் ஜனங்ககிட்ட தேங்கிப் போச்சு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. காசியா வந்த கஞ்சா கருப்பு சிரிக்க வைப்பாருன்னு நினைச்சோமே தவிர காசி மேல நாம உயிரை வைக்கல. துளசி மேல வச்சோம். ‘கண்கள் இரண்டால்’ பாட்டு ஓடறப்போ தியேட்டர்ல உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அழகர்தான். அதுக்கப்புறம் அவளே கூப்பிட்டு நிறுத்தினா வலிக்காதா?

டூரிங்டாக்கீஸ்:
வலிக்கட்டும் பாஸ். வலிச்சா ஊர்ல இருக்கற பொண்ணுங்களை எல்லாம் ஏன் திட்டணும்?

நிலாமுற்றம்:
மேலமாசி சார், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. துளசியோட அப்பா சோமுவுக்குக் கட்சிப் பதவி போச்சு. அண்ணன் மானம் போச்சேன்னு கனகு வந்து புலம்பினான். அந்தப் பதவிக்கு வந்த மனுஷன் மேல இந்தப் பசங்களுக்கு எந்தப் பகையும் கிடையாது. ஆனாலும் போய் வெட்டினாங்க. கனகு பேச்சைக் கேட்டுப் பசங்க கொலை செஞ்சா விசுவாசம். அதே கனகு பேச்சைக் கேட்டுத் துளசி அழகரைக் கூப்பிட்டா துரோகம். இதுல அவங்க வெளிய சுத்தறவங்க, முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். இவ அந்த வீட்டுக்குள்ளயே இருக்கறவ.

ஜெயிலுக்குப் போன பசங்களை ஜாமீன்ல எடுக்காம கனகு கைவிட்டதும், வெளிய வந்தவங்க அவனைத்தான் தேடறாங்க. அழகர் கொல்லத் துடிக்கிறது அவளோட சித்தப்பாவை. அந்த வீட்டுல அப்போ என்ன பேச்சு நடந்திருக்கும், அவங்க அம்மா என்ன சொல்லியிருப்பாங்க, சோறு இறங்கியிருக்குமா, எதுவும் படத்துல இல்ல. கேமரா தெருவிலயே நிக்குது. துளசிக்குப் பாதிப் படத்துக்கு மேல பார்க்கறதும் சிரிக்கறதும்தான் வேலை. வசனம்னு பார்த்தா ரொம்பக் கொஞ்சம். வாயைத் திறக்க விடாத ஒருத்தியைக் கூண்டுல ஏத்தி எல்லாரும் தீர்ப்புச் சொல்றோம்.

மேலமாசி:
அது குறைன்னு நீங்க சொல்றீங்க. நான் நேர்மைன்னு சொல்வேன் மேடம். இது அந்தப் பசங்களோட கதை. வேலை இல்லாம திண்ணையில கிடக்கறவங்க, ‘முரட்டுக்காளை’ வெளியானப்போ தியேட்டர்ல ஆடினவங்க. 1980ல ஒரு மதுரைப் பையனுக்கு எதிர்வீட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? டைரக்டர் சசிகுமார் துளசி வீட்டு அடுப்படிக்குள்ள கேமராவைக் கொண்டு போயிருந்தா அது வேற படம்.

நிலாமுற்றம்:
போக வேணாம். போகல்லங்கறது ஞாபகம் இருந்தா போதும்.

வைகைக்கரை:
டைரக்டரை நான் குத்தம் சொல்ல வரல. அந்தக் கூட்டத்தோட மத்த படங்களைப் பாருங்க. அடுத்த வருஷமே ‘நாடோடிகள்’. நம்ம கனகு, அதாவது சமுத்திரக்கனிதான் டைரக்டர். நண்பனோட காதலுக்காக ஒருத்தனுக்குக் காது போச்சு, ஒருத்தனுக்குக் காலு போச்சு, இன்னொருத்தனுக்கு மாமன் பொண்ணு போச்சு. ஜோடி பிரிஞ்சதும் பையன் பொண்ணு ரெண்டு பேரையும்தான் தூக்கிட்டு வந்து கேக்கறாங்க. 2012ல ‘சுந்தரபாண்டியன்’. அதுல கத்தியோட நிக்கிறதே நண்பர்கள்தான். நட்புல துரோகம் உண்டுன்னு அவங்க திரும்பத் திரும்பச் சொல்லியாச்சு. நம்ம ஆளுங்க காதுல பொண்ணு விஷயம் மட்டும்தான் விழுது.

டூரிங்டாக்கீஸ்:
அனுராக் காஷ்யப் தன்னோட இந்திப் படம் ‘கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்’ ஆரம்பத்துல பாலா, அமீர், சசிகுமார் மூணு பேருக்கும் நன்றி கார்டு போட்டிருப்பார். அந்தப் படத்துலயும் கடைசியில ஹீரோ ஃபைசலைச் சுடறது அவன் பொண்டாட்டி இல்ல, தம்பி முறை டெஃபினிட்.

(சும்மா ஞாபகம் வந்தது, விவாதத்தைத் தொடருங்க.)

மேலமாசி:
எல்லாரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிட்டீங்க. காசியையும் திட்டணும், ஒத்துக்கறேன். கனகைத் திட்டறது இருக்கட்டும், அவன் தலையைப் பரமன் ஏற்கெனவே எடுத்துட்டான். ஆனா துளசி விஷயத்துல எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டேதான் இருக்கு. படம் முழுக்கக் கண்ணாலயே பேசினவ அவ. அன்னிக்கு ஒரே ஒரு பார்வையில ‘ஓடிரு’ன்னு சொல்லியிருக்கலாமே.

நிலாமுற்றம்:
சுத்தி நிக்கப் போறது அவ சித்தப்பன் ஆளுங்க. அழகர் தப்பிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரி அவ உயிரோட வீட்டுல படுத்திருப்பாளா?

மேலமாசி:
சொந்த அண்ணன் மகளையா?

நிலாமுற்றம்:
நீங்களும் மதுரைக்காரர்னுதானே சொன்னீங்க சார்?

டூரிங்டாக்கீஸ்:
மேலமாசி அண்ணன் டைப் பண்ணிக்கிட்டு இருக்கார், டைப் பண்ணிக்கிட்டே இருக்கார்…

மேலமாசி:
யோவ், கரண்ட் போயிருச்சு. இருங்க, வர்றேன்.