மந்திரம் இருக்கிற ஊரில் கொலைகாரனைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஜன்னலோர சீட்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 57. முப்பது வருடமாகத் துப்பறியும் கதை மட்டுமே படிக்கிறவன். தாம்பரத்தில் ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரை ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் புத்தகம், கிடைக்காவிட்டால் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஒரு வீடு, ஒரு பிணம், ஐந்தாறு பேர், ஆளுக்கொரு பொய். கடைசியில் ஒருவர் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, யார் செய்தது என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

போன மாதம் என் பெண் போனில் ஒரு நாவலை ஏற்றிக்கொடுத்தாள். 'தி டெயின்டட் கப்'. ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதி 2024இல் வந்தது, 2025இல் அறிவியல் புனைவுக்கும் மாயாஜாலக் கதைக்கும் தருகிற ஹியூகோ விருது வாங்கியது. "மாயாஜாலக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம்மா" என்றேன். "இதுவும் கொலைக் கதைதான்ப்பா" என்றாள். திறந்தேன். பெரிய மாளிகையில் ராணுவப் பொறியாளர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். எப்படி? அவர் உடம்புக்குள்ளிருந்து மரம் முளைத்துக் கூரை வரை போயிருக்கிறது. அறுபது பக்கம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் மூடிவிட்டேன்.

என் சந்தேகம் இதுதான். ஆள் உடம்பில் மரம் முளைக்கலாம் என்றால் அந்த உலகத்தில் எதுவும் நடக்கலாம். பூட்டிய அறைக்குள் கொலைகாரன் எப்படி நுழைந்தான் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். கடைசி அத்தியாயத்தில் "அவனுக்குச் சுவரைத் தாண்டிப் போகும் வரம் உண்டு" என்பார்கள். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்கென்று பத்துக் கட்டளை எழுதினார். அதில் இரண்டாவதே அமானுஷ்யம் கூடாது என்பதுதான். அவரே கடவுளை நம்புகிற மனிதர், ஆனால் கதையில் விடமாட்டேன் என்றார்.

இந்த மாதிரி கலப்பு நாவல்களை விரும்பிப் படிக்கிறவர்கள் சொல்லுங்கள். நான் தொடர்ந்து படிக்கலாமா, இல்லை பெண்ணிடம் படித்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிடலாமா?

நுண்ணோக்கி:

பொய் சொல்லாதீர்கள் சார், அவள் கேள்வி கேட்பாள்.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் கல்ச்சர் பார்க்கிறவள், அதாவது சாம்பிளில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கிறவள். வாரத்தில் மூன்று இரவு ஷிப்ட். இரண்டு மணிக்கு மேல் சாம்பிள் வருவது குறையும். அப்போதுதான் என் படிப்பெல்லாம். இந்த நாவலையும் அப்படித்தான் படித்தேன், பக்கத்தில் இன்குபேட்டர் ஓடிக்கொண்டிருக்க. அதனாலோ என்னவோ, உங்களை மூடவைத்த அந்த மரம் எனக்கு மந்திரமாகவே தெரியவில்லை. அது ஒரு தொற்று. அந்தச் செடிக்குப் பெயர் இருக்கிறது, அது உள்ளே போக ஒரு வழி இருக்கிறது, போன இடத்தில் விட்டுவைக்கிற தடயம் இருக்கிறது. நான் தினமும் தட்டில் பார்க்கிற பூஞ்சைக்கு என்னென்ன கேட்பேனோ அத்தனையும் அதற்கும் கேட்கலாம். எங்கிருந்து வந்தது, எதில் தங்கும், யார் தொட்டார்கள். ஆசிரியர் இந்தக் கேள்விகளுக்குப் பதிலை மாற்றி மாற்றிச் சொல்லவில்லை. முதலில் சொன்னதற்கே கடைசி வரை கட்டுப்படுகிறார்.

நீங்கள் பாதிரியாரைக் கூப்பிட்டதால் நான் அகதா கிறிஸ்டியைக் கூப்பிடுகிறேன். 1920இல் வந்த அவருடைய முதல் நாவல் ஸ்டைல்ஸ் மாளிகைக் கதை. (நூறு வருடம் தாண்டிவிட்டது, முடிச்சைச் சொன்னால் பாவமில்லை. படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) டானிக் பாட்டிலில் ஸ்ட்ரிக்னின் இருக்கிறது, அதில் புரோமைடைக் கலந்தால் விஷம் முழுவதும் அடியில் படிந்துவிடும், கடைசி டோஸ் குடிக்கிறவர் காலி. கிறிஸ்டி முதல் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர், அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா சார்? எனக்கே அந்தக் கதையைப் படித்துத்தான் தெரியும். தாம்பரம் ரயிலில் படிக்கிறவருக்கு அந்த புரோமைடும் பென்னட்டின் மரமும் ஒன்றுதான். ரயிலிலிருந்து இறங்கி வேதியியல் புத்தகம் தேடிப் போகப் போகிறோமா என்ன?

அதனால் நான் மந்திரம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. விதியை எப்போது சொன்னார் என்றுதான் பார்ப்பேன். துப்பறிகிறவர் முடிச்சை அவிழ்க்கும் முன்பே என் காதில் போட்டுவிட்டாரா? அப்படியென்றால் சரி. அவிழ்க்கிற அன்றைக்குத்தான் புதிதாக ஒரு சக்தியை எடுத்து வீசுகிறாரா? என் இரவை வீணடித்தார் என்று அர்த்தம்.

'டெயின்டட் கப்'பில் ஒரு இடம் சொல்கிறேன், உங்கள் அறுபது பக்கத்துக்குள்ளேயே வருவதுதான். கதை சொல்கிற டின் என்ற பையனுக்குப் பார்த்தது எதுவும் மறக்காது. உடம்பை அப்படி மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சும்மா வராது. பையில் சின்னச் சின்ன வாசனைக் குப்பிகள் வைத்திருப்பான். ஓர் இடத்தைப் பார்க்கும்போது ஒரு குப்பியை முகர்ந்துகொள்வான். பிறகு அதே குப்பியை முகர்ந்தால்தான் அந்த இடத்தில் பார்த்தது, கேட்டது எல்லாம் ஒழுங்காகத் திரும்ப வரும். எங்கள் ஆய்வகத்தில் நீராவியால் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவைத் திறந்தால் ஒரு வெந்த வாடை அடிக்கும். எனக்கு அந்த வாடை வந்தால் 2009இல் வேலைக்குச் சேர்ந்த நாள், அன்று என்னைத் திட்டிய சீனியர், அவர் போட்டிருந்த பச்சைப் புடவை வரை வந்துவிடும். ஆக, அந்தப் பையனை நம்புவதில் எனக்குக் கஷ்டமில்லை.

அவனுடைய மேலதிகாரி ஆனா. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். பையன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒப்பிக்கவேண்டும், அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து யோசிப்பாள். ரெக்ஸ் ஸ்டவுட் படித்திருப்பீர்களே? 1934இல் தொடங்கிய நீரோ உல்ஃப் கதைகள். உல்ஃப் வேலைக்கென்று வீட்டை விட்டு நகரமாட்டார், அவருடைய உதவியாளன் ஆர்ச்சிதான் ஓடி ஓடி விசாரித்து வந்து வார்த்தை மாறாமல் சொல்வான். அதே ஜோடிதான், உடைதான் வேறு. முப்பது வருடமாக நீங்கள் பார்த்துப் பழகிய ஆளைத்தான் அறுபதாம் பக்கத்தில் வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

இதே அளவுகோலில் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டூவர்ட் டர்ட்டனின் 'தி செவன் டெத்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹார்ட்காசில்' (2018). ஒருவன் ஒரே நாளை எட்டு முறை, எட்டு வேறு வேறு ஆட்களின் உடம்பில் கண்விழித்து வாழ்கிறான், இரவு பதினொரு மணிக் கொலையை யார் செய்தது என்று சொல்லவேண்டும். பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் யார் எத்தனை மணிக்கு எங்கே என்று நான்கு தாள் எழுதினேன். கொலையின் முடிச்சு பிரமாதம். ஆனால் அந்த வீடு ஏன் அப்படி இயங்குகிறது என்பதைக் கடைசியில் வந்து சொல்கிறார் பாருங்கள், அதை நானாக ஊகிக்க வழியே விடவில்லை. தாள்களைக் குப்பையில் போட்டேன்.

டி. கிங்ஃபிஷரின் 'எ சார்சரஸ் கம்ஸ் டு கால்' (2024) வேறு மாதிரி. அதில் கொலைகாரி யார் என்று ஒளித்துவைக்கவே இல்லை. ஒரு தாய், மகளின் உடம்பைப் பொம்மை மாதிரி ஆட்டுவிக்கக்கூடியவள். அந்த வீட்டில் எந்தக் கதவையும் மூடக்கூடாது என்று ஒரு விதி. மந்திரத்தை விட அந்தத் திறந்த கதவுதான் எனக்குப் பயமாக இருந்தது. மருந்து மாத்திரை பொட்டலம் கட்டுகிற மாதிரி அளந்து எழுதுகிற கை.

சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' பற்றிப் பேச ஆரம்பித்தால் ஷிப்ட் முடிந்துவிடும். சாம்பிள் வந்துவிட்டது, போகிறேன்.

அப்புறம், டிராகன் மேல் சவாரி செய்கிற கல்லூரிக் கதைகளைப் பெண் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அது வேறு கடை.

கொடுக்காப்புளி:

நுண்ணோக்கி அக்கா சொல்வதெல்லாம் சரி, ஆனால் கணக்கு வாத்தியார் கதை படிக்கிற மாதிரி இருக்கிறது. விதி, அளவுகோல், தாள். பயம் எங்கே அக்கா?

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' எனக்கு இன்னும் பிடிப்பது, கணேஷ் விஞ்ஞானம் என்று நிற்பதாலும் வசந்த் பேய்ப் பக்கம் சாய்வதாலும்தான். எந்தப் பக்கம் போவது என்று எனக்கே தெரியாத அந்த நடு இடத்தில்தான் சுகம். ஹோலோகிராம் என்கிற முப்பரிமாண ஒளிப்படம், லேசர் என்று விளக்கம் வந்த பிறகும் முதுகில் ஒரு ஜில்லிப்பு மிச்சம் இருந்தது. உங்கள் கணக்குப்படி அது தப்பாட்டமா?

'பிரனேசி'யை அக்கா விட்டுவிட்டுப் போனதால் நான் எடுத்துக்கொள்கிறேன். 2020இல் வந்தது, அடுத்த வருடம் பெண்களுக்கான புனைவுப் பரிசு வாங்கியது. முடிவே இல்லாத ஒரு மாளிகை, அறை அறையாகச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்கும். ஒருவன் அங்கே மீன் பிடித்துக்கொண்டு, அலை எப்போது வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, எலும்புக்கூடுகளுக்குப் பூ வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான். செவ்வாயும் வெள்ளியும் இன்னொருவர் வந்து பேசிவிட்டுப் போவார். முதல் எண்பது பக்கம் கொலையும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு அவன் தன் குறிப்பேடுகளுக்குத் தானே போட்டுவைத்த அகரவரிசை அட்டவணையைப் புரட்டுகிறான். அவன் எழுதியதாக அவனுக்கே நினைவில்லாத பதிவுகள், அவன் கையெழுத்தில். இதற்கு மேல் சொல்லமாட்டேன். நான் அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஆனால் அந்த மாளிகை எப்படி உண்டானது என்று அவர் நட்டு போல்ட் கழற்றிக் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

ஜன்னலோர சீட் சார், உங்களுக்கு மரமே வேண்டாம் என்றால் ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' படியுங்கள். கென்ட் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பு, நான்கு கிழங்கட்டைகள் பழைய கொலை வழக்குகளைப் பேசுகிறார்கள். ஏன் வியாழக்கிழமை தெரியுமா? ஓவிய வரலாறு வகுப்புக்கும் பிரெஞ்சு வகுப்புக்கும் நடுவில் அந்த அறை காலி. யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க 'ஜப்பானிய இசைநாடகம், ஒரு கலந்துரையாடல்' என்று பதிவு செய்துவைக்கிறார்கள். கொலைக் கணக்கு சுமார்தான், யார் செய்தது என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. ஜாய்ஸ் பாட்டியின் டைரி மட்டும் மறக்கவில்லை.

நுண்ணோக்கி:

கொடுக்காப்புளி தம்பிக்கு: 'பிரனேசி' என் அளவுகோலில் தேறும். மாளிகை எப்படி உண்டானது என்பது அங்கே புதிரே இல்லை, அந்தக் குறிப்பேட்டில் எழுதியது யார் என்பதுதான் புதிர். அதற்கு வேண்டியதெல்லாம் முன்னாடியே கண்ணில் படும்படி வைத்திருக்கிறார். அந்த இன்னொருவர் கையில் இருக்கிற பளபளக்கும் கருவியை நாம் உடனே என்னவென்று கண்டுபிடித்துவிடுகிறோம், அவனுக்குத்தான் தெரியவில்லை.

'கொலையுதிர் காலம்' விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். என் அளவுகோலில் அது பாஸா ஃபெயிலா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ராத்திரி ஷிப்டில் அதைப் படிக்கமாட்டேன்.

ஜன்னலோர சீட்:

பதினாறு நாள் கழித்து வருகிறேன். முடித்துவிட்டேன்.

முதலில் குறை. பெயர்கள். மாநிலப் பெயர், பதவிப் பெயர், செடிப் பெயர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நான்கு புதுப் பெயர் வருகிறது. முதல் நூறு பக்கம் பெண்ணிடம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே படித்தேன். ("அப்பா, லெவியத்தான்னா கடல் ராட்சசன். அது கரைக்கு வராமல் இருக்கத்தான் சுவர்." "சரி, அதை முதலிலேயே சொல்லக்கூடாதா?" "சொல்லியிருக்கார்ப்பா.") அந்த ஆனா பேசுகிற கெட்ட வார்த்தைகளும் கொஞ்சம் அதிகம், பக்கத்து சீட்டில் கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்தபோது போனைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனால் நுண்ணோக்கி அம்மா சொன்னது உண்மை. அது ஆர்ச்சியும் உல்ஃபும்தான். சைதாப்பேட்டை தாண்டும்போது எனக்கே பட்டது, சிரிப்பு வந்துவிட்டது.

இதைச் சொல்லத்தான் வந்தேன். மாளிகைக் கொலை எப்படி நடந்தது என்று ஆனா விளக்குகிற இடம் வந்ததும் எனக்குக் கோபம். "இதை எங்கே சொன்னார்? ஏமாற்று வேலை" என்று இங்கே எழுதவே தயாராகிவிட்டேன். எழுதும் முன் ஆதாரம் வேண்டுமே என்று முதல் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போனேன். இருந்தது. வீட்டுக்குள் குளிர்ச்சிக்காக வளர்க்கிற காளான்களைப் பற்றிய பேச்சு. முதல் தடவை, ஏதோ மாயாஜால வர்ணனை என்று விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். கிறிஸ்டி கதையில் ஒரு பூச்சாடி இடம் மாறியிருந்தால் விடமாட்டேன். காளானை விட்டுவிட்டேன்.

கடைசிக் கொலைகாரனையும் தப்பாகத்தான் ஊகித்தேன். யாரைச் சந்தேகப்பட்டேன் என்று சொன்னால் மற்றவர்களுக்குக் கெட்டுவிடும்.

இரண்டாவது பாகம் 'எ டிராப் ஆஃப் கரப்ஷன்' 2025இல் வந்துவிட்டதாமே. பெண் இப்போது என்னிடமே கேட்கிறாள், வாங்கவா என்று. இந்தத் தடவை காளானைக் கூட விடாமல் படிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஜாய்ஸ் பாட்டி. அதில் காளான் இல்லையே?

கொடுக்காப்புளி:

காளான் இல்லை சார். கேக் உண்டு.