மெடிக்கல் ஸ்கூல்: ஆண்டுக்கு 58,000 டாலரா, 95,000 டாலரா?

கேள்வி:
மகளுக்கு 2026 இலையுதிர் பருவத்துக்கு அமெரிக்காவில் இரண்டு எம்டி (அங்கே டாக்டராவதற்கான முதல் மருத்துவப் பட்டம்) கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. சொந்த மாநில அரசுக் கல்லூரியில் தங்கும் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 58,000 டாலர். வெளிமாநிலத் தனியார் கல்லூரியில் 95,000, ஆனால் பெரிய பெயர். இரண்டிலும் ஸ்காலர்ஷிப் இல்லை, முழுக்கக் கடன்தான். ஆர்த்தோ (எலும்பு அறுவைச் சிகிச்சை) மீது ஆசை, உறுதியில்லை. நல்ல ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் சம்பளத்தோடு செய்யும் நிபுணர் பயிற்சி) கிடைப்பதற்காக இவ்வளவு கூடுதல் கடன் வாங்கலாமா?

பதில் 1:
பழைய அறிவுரைகளை ஒதுக்கி வையுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு கிராட் பிளஸ் (முழுச் செலவுக்கும் அரசு தந்துவந்த கடன்) கிடையாது. மருத்துவ மாணவருக்கு ஃபெடரல் (மத்திய அரசு) கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர்தான். அரசுக் கல்லூரியில் துண்டு விழுவது ஆண்டுக்கு 8,000, நான்கு ஆண்டில் 32,000. தனியாரில் ஆண்டுக்கு 45,000, மொத்தம் 1,80,000. அதைத் தனியார் கடனாகத்தான் வாங்க வேண்டும். அதற்கு பிஎஸ்எல்எஃப் (அரசு அல்லது லாப நோக்கற்ற இடத்தில் வேலை செய்துகொண்டே பத்து ஆண்டு தவணை கட்டினால் மீதிக் கடனை விடும் திட்டம்) தள்ளுபடி கிடையாது, ஃபெடரல் திட்டங்களைப் போல வருமானத்தைப் பார்த்துத் தவணை குறைவதும் இல்லை. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் உங்கள் தலையிலும் விழும்.

ஃபெடரல் கடனுக்கு 2025-26 வட்டி 7.94 சதவீதம், படிக்கும்போதே ஓடும். இதே விகிதத்தில் வைத்தால் 2,00,000 டாலர் கடன் பட்டம் வாங்கும் நாளில் ஏறக்குறைய 2,40,000 ஆகிவிடும். ஆனால் ரெசிடென்சியில் 65,000 சம்பளத்துக்கு, வருமானத்துக்கேற்ப ஃபெடரல் கடனைக் கட்டும் புதிய ஆர்ஏபி திட்டத்தில் தவணை வருமானத்தில் 6 சதவீதம், மாதம் 325 டாலர். தவணையைத் தவறாமல் கட்டினால் அந்த மாதம் மிஞ்சும் வட்டியை அரசே விட்டுவிடும், கடன் குட்டி போடாது. தவணையைத் தள்ளிப்போடும் ஃபோர்பேரன்ஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள். வட்டியும் ஏறும், பிஎஸ்எல்எஃப் கணக்கில் அந்த மாதங்களும் சேராது.

பதில் 2:
ரெசிடென்சி பக்கம். 2025 மேட்சில் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசியச் சுற்று) எம்டி இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும் டிஓ (எம்டிக்கு இணையான இன்னொரு மருத்துவப் பட்டம்) மாணவர்களில் 92.6 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு 67.8 சதவீதம். பெரிய பள்ளம் அங்கேதான், இரண்டு எம்டி கல்லூரிகளுக்கு நடுவில் இல்லை.

ஆனால் ஆர்த்தோ என்றால் ஒரு கேள்வி கட்டாயம்: கல்லூரிக்கே சொந்தமாக ஆர்த்தோ ரெசிடென்சி இருக்கிறதா? இருந்தால் பரிந்துரைக் கடிதமும் ஆராய்ச்சி வாய்ப்பும் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். இல்லாவிட்டால் வெளி ரொட்டேஷன்களை (மற்ற மருத்துவமனைகளில் சில வாரப் பயிற்சி) நம்பியே ஓட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும். அதனால் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்ணுக்கும் மூன்றாம் ஆண்டு கிளர்க்ஷிப் (மருத்துவமனைப் பயிற்சி) கிரேடுக்கும் கனம் கூடிவிட்டது. கிரேடு எப்படிப் போடுகிறார்கள் என்று இரண்டு கல்லூரிகளிலும் கேளுங்கள்.

கல்லூரியின் மேட்ச் பட்டியலை (யாருக்கு எங்கே ரெசிடென்சி கிடைத்தது என்பது) படிக்கும்போது 'பிரிலிமினரி' என்று போட்ட இடங்களைத் தனியாக எண்ணுங்கள். அது ஓராண்டு இடம். அடுத்து வேறெங்காவது இடம் உறுதியாகியிருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் அவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியவர். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேர் சோப் சுற்றுக்கு (மேட்சில் இடம் கிடைக்காதவர்கள் மிஞ்சிய இடங்களுக்கு முயலும் சுற்று) போனார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பளபளப்பான கையேட்டில் இது வராது.

கேள்வி கேட்டவர்:
அரசுக் கல்லூரியில் ஆர்த்தோ ரெசிடென்சி இருக்கிறது. பிஎஸ்எல்எஃப்பை நம்பிக் கணக்குப் போடலாமா?

பதில் 3:
அப்படியானால் அரசுக் கல்லூரிதான், அம்மா. பிஎஸ்எல்எஃப்புக்கு 120 மாதத் தவணை வேண்டும். லாப நோக்கற்ற மருத்துவமனையில் ரெசிடென்சி செய்தால் ஆர்த்தோவின் 5 ஆண்டில் 60 மாதம் சேர்ந்துவிடும். மிச்சம் 60-இல்தான் பலர் வழுக்குகிறார்கள். மருத்துவமனை லாப நோக்கற்றதாக இருக்கும், சம்பளம் கொடுப்பது தனியார் டாக்டர் குழுவாக இருக்கும். கலிஃபோர்னியா, டெக்சாஸ் போல, மருத்துவமனை டாக்டரை நேரடியாக வேலைக்கு வைக்கச் சட்டம் இடம்தராத மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்ற இடங்களில் அந்த மாதங்கள் கணக்கில் வராது. டபிள்யூ-2 படிவத்தில் (ஆண்டுச் சம்பள, வரி விவரம்) சம்பளம் கொடுப்பவராக யார் பெயர் வரும் என்று பார்த்துவிட்டு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லுங்கள். வேலை உறுதிப் படிவத்தை ஆண்டுதோறும் அனுப்புங்கள், பத்து ஆண்டு கழித்து மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இன்னொன்று: நான்காம் ஆண்டில் வருமானம் பூஜ்யம் என்றாலும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அதைக் காட்டினால் ஆர்ஏபியில் முதல் தவணைகள் மாதம் 10 டாலர்தான், அவையும் 120-இல் சேரும்.